சூடான சாஸுடன்

துப்பறிவாளரின் வீட்டுக்கு வந்தவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே கூப்பிடும்வரை அங்கேயே நின்றார். முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை. எத்தனை தேய்த்தாலும் போகாத கிரீஸ் நகக்கண்களில் கறுப்பாகத் தங்கியிருந்தது. லிஃப்ட் மெக்கானிக் என்று சொன்னார். சமையலறைக் கதவை ஒட்டியிருந்த நாற்காலியைத் துப்பறிவாளர் காட்டினார். அதன் விளிம்பில் உட்கார்ந்தார்.

"என் பொண்ணுக்கு எட்டு வயசு சார்," என்றார். "அவளுக்கு நான் சாராயம் குடுத்தேன்னு சொல்றாங்க."

துப்பறிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிரில் இருப்பவர் தன் வேகத்தில் பேசட்டும் என்று விட்டுவிடுவது அவர் வழக்கம்.

மெக்கானிக் சொன்னது இதுதான். அவருக்கும் மனைவிக்கும் விவாகரத்தாகி மூன்று வருடம் ஆகிறது. காரணம் அவருடைய குடி. அதை அவர் மறைக்கவில்லை. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய அன்றோடு விட்டவர், அதன்பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. சனிக்கிழமை காலையில் மகளை அழைத்துப் போகலாம், இருட்டுவதற்குள் கொண்டுவந்து விட வேண்டும் என்று நீதிமன்றம் அனுமதித்திருந்தது. மறுபடி குடித்தால் அந்தச் சனிக்கிழமையும் இல்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை, வீடு திரும்பிய குழந்தையின் வாயில் ஏதோ வாசனை வந்ததாகத் தாய்க்குச் சந்தேகம். அவள் வாய்திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை குழந்தை பஸ்ஸிலேயே தூங்கிப்போனது. தோளில் போட்டுத் தூக்கி வந்தார். கதவைத் திறந்த தாய் முகத்தைச் சுளித்தாள். உள்ளே கிடத்தியதும் குழந்தை வாந்தியெடுத்தது. டாக்டரிடம் ஓடினார்கள். இரத்தத்தில் மது இருப்பதாகச் சோதனையில் தெரிந்தது. மருந்துக்கடை வைத்திருக்கும் மனைவியின் அண்ணன் வழக்குப் போட்டுவிட்டார். அடுத்த வாரம் விசாரணை.

துப்பறிவாளரின் மைத்துனர் காபி போடப் போனவர், கதை சூடுபிடித்ததும் கதவோரம் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றுவிட்டார். எதற்கும் முதலில் வெடித்துவிடுவதால் வீட்டில் அவருக்குப் பட்டாசு என்று பெயர். வயது நாற்பத்தைந்தாகியும் அந்தப் பெயர் போகவில்லை. துப்பறிவாளர் மூக்கைச் சுருக்கிச் சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டிய பிறகுதான் அவருக்குப் பால் நினைவு வந்து உள்ளே ஓடினார். கதவுக்குப் பக்கத்திலேயே இருந்த மெக்கானிக் திரும்பிக்கூடப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்.

காபி வந்தது. துப்பறிவாளர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தார். மெக்கானிக் கடைசிச் சொட்டுவரை குடித்து, காபி நன்றாக இருப்பதாக மரியாதையாகச் சொன்னார்.

சனிக்கிழமைகளில் எங்கே சாப்பிடுவீர்கள் என்று துப்பறிவாளர் கேட்டார். பூங்காவுக்கு எதிரே ஒரு சின்ன உணவகம் என்றார். அவருக்கு ரொட்டியும், மிளகுத்தூளை அள்ளிப்போட்ட சூப்பும். மகளுக்கு அவள் கேட்பது. இப்போது கொஞ்ச நாளாகக் கடைசியில் ஒரு புட்டிங். "பேரீச்சம்பழப் புட்டிங், சூடான சாஸுடன்னு பலகையில எழுதியிருக்கும் சார். அவ்வளவுதான். எனக்கு இனிப்பு ஆகாது, நான் தொடறதில்ல."

"பஸ்ல தூங்கினப்போதான் வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"இல்ல சார். பூங்காவுலயே தள்ளாடினா. ஒண்ணுமில்லாததுக்குச் சிரிச்சா. வெயில்ல ஆடின களைப்புன்னு நெனச்சேன்."

அவர் போனதும் பட்டாசு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒன்று, இந்த ஆளே கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்துக்கடை மாமன், வீட்டுக்கு வந்த குழந்தைக்கு இருமல் மருந்தை ஊற்றிவிட்டுப் பழியை இங்கே போட்டிருக்க வேண்டும். வேறு வழியே இல்லை என்றார்.

"மாமன் மேல பழி போகணும்னு நெனச்சிருந்தா, பூங்காவுலயே தள்ளாடினான்னு இவர் சொல்லியிருக்க வேண்டாம்," என்றார் துப்பறிவாளர். "தனக்கு எதிரான சாட்சியைத் தானே கொண்டுவந்து வச்சுட்டுப் போறார். பாலை அடிப்பிடிக்க விட்டுட்டீங்களே மாப்ளே."

"அவர் நல்லா இருக்குன்னாரே அத்தான்."

"ஆமா, சொன்னார்."

தாயின் வீடு மூன்றாவது மாடியில். பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருப்பவள், வேலை முடிந்து வந்த உடுப்பைக்கூட மாற்றவில்லை. பக்கத்தில் அவள் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னாள் மைத்துனரைப் பற்றி அவர் வாயில் நல்ல வார்த்தை எதுவும் இல்லை. தங்கையின் நகை போன கதை, பள்ளிக்கூட விழாவில் அந்த ஆள் தடுமாறி விழுந்த கதை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். பட்டாசின் கண் அலமாரியிலிருந்த இருமல் மருந்துப் பாட்டிலை விட்டு நகரவில்லை.

தாய் திட்டவில்லை. களைத்த குரலில் சொன்னாள்.

"அவர் திருந்திட்டார்னு நான் நம்பினேன் சார். ரெண்டு வருஷமா என் அண்ணன்கிட்டகூட அவருக்காகப் பேசியிருக்கேன். அன்னிக்கு அவ முகம் அவர் கழுத்துலயே கெடக்கு. எட்டி நிக்கிற எனக்கே நெடி அடிக்குது. என்ன வாசனை இதுன்னு கேட்டேன். 'என்ன வாசனை?'ன்னு என்னையே திருப்பிக் கேட்டார். பத்து வருஷம் குடிச்ச மனுஷன். அதைத்தான் என்னால மன்னிக்க முடியல."

நடிப்பு என்றார் அண்ணன்.

"இருக்கலாம்," என்றார் துப்பறிவாளர். "ஆனா மறைக்க நெனக்கிறவர் தெளியிற வரைக்கும் எங்கயாவது உட்கார வச்சிருப்பார். தூக்கிட்டு நேரா உங்க வாசலுக்கு வந்திருக்க மாட்டார்."

குழந்தை உள் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். செருப்புப் பெட்டி ஒன்றில் நூல் கட்டி, நாற்காலிக் கால்களுக்கு நடுவே மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட். துப்பறிவாளர் முட்டி வலிக்க அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். நூல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. எதிர்ப்பக்கம் பாரம் கட்டினால் சரியாகும் என்றார். அவருடைய சாவிக்கொத்தையே பாரமாகக் கட்டிப் பார்த்தார்கள். பெட்டி நேராக ஏறியது.

"அப்பா இப்பல்லாம் வேலைக்குப் போறதில்லையா அங்கிள்?" என்று திடீரென்று கேட்டாள்.

"போறாரே. யாரு சொன்னா இல்லேன்னு?"

"யாரும் சொல்லல." நூலை விரலில் சுற்றினாள். "எல்லாரும் அப்பா குடிக்கக் குடுத்தாரான்னு கேக்கறாங்க. இல்லேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

துப்பறிவாளர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்த உணவகத்தில் எது பிடிக்கும் என்று மட்டும் கேட்டார். புட்டிங் என்றாள். அதைவிட சாஸ். போன தடவை அப்பா கைகழுவப் போயிருந்தபோது, அவளே உள்ளே போய்க் கிண்ணத்தை நீட்டி இன்னும் வேண்டும் என்று கேட்டாளாம். சமையல்கார மாமா நிறைய ஊற்றினார். அப்பா வருவதற்குள் குடித்துவிட்டாளாம்.

"அவ்வளவு ருசியா?"

"ருசி கசப்புதான்." தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னா நிறுத்திடுவீங்க."

மறுபடி பெட்டியை மேலே இழுத்தாள். அவர் மேற்கொண்டு கிளறவில்லை.

வெளியே வந்ததும், மெக்கானிக்குக்கு வேலையே போய்விட்டது, அதை நம்மிடம் மறைத்துவிட்டார் என்று, குழந்தை கேட்டதைக் காதில் வாங்கியிருந்த பட்டாசு வெடித்தார். மறுநாள் துப்பறிவாளர், மெக்கானிக் வேலைபார்க்கும் நிறுவனத்துக்குப் போன் பண்ணினார். அந்த ஆள் ஒரு நாள்கூட லீவு போடாமல் வருகிறார் என்று பதில் வந்தது. இன்னொன்றும் தெரிந்தது. ஒன்றரை வருடம் முன்பு லிஃப்ட் குழியில் தவறி விழுந்து பின்மண்டையில் அடிபட்டு, சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். அன்று அவர் குடித்திருக்கவில்லை. சோதித்துப் பார்த்தார்களாம்.

பூங்காவுக்கு எதிரே இருந்த உணவகத்தில் மேஜைகள் குறைவு. சமையல்காரர்தான் முதலாளி, பரிமாறுவதும் அவர்தான். வயிறு முன்னால் வர, சிரிப்பு அதற்கும் முன்னால் வரும் மனிதர். பட்டாசு புட்டிங் கேட்டார். தட்டு மேஜைக்கு வருவதற்குள் வாசனை வந்துவிட்டது.

"அத்தான், இது ரம்," என்றார் பட்டாசு மெதுவாக.

சமையல்காரர் மறைக்கவில்லை. பெருமைதான் பட்டார். அவருடைய அம்மா பிராந்தி ஊற்றிச் செய்யும் கேக்கைத் தின்று வளர்ந்தவர் அவர். "பயப்படாதீங்க சார். அடுப்புல ஏறினா சாராயம் மொத்தமும் பறந்துடும். வாசனை மட்டும்தான் நிக்கும். சின்னப் பசங்ககூட சாப்பிடறாங்க."

செய்வதைப் பார்க்கலாமா என்று துப்பறிவாளர் கேட்டார். சமையல்காரர் சந்தோஷமாக உள்ளே அழைத்துப் போனார். வெண்ணெயும் சர்க்கரையும் உருகிக் குழம்பாகும்வரை கிண்டினார். பாத்திரத்தை இறக்கி மேடைமேல் வைத்தார். பிறகுதான் பாட்டிலை எடுத்துத் தாராளமாகக் கவிழ்த்தார்.

"அடுப்புலயே ஊத்த மாட்டீங்களா?"

"ஊத்தினா வாசனை போயிடுமே சார்." சொன்னவர் அப்படியே நின்றார். கரண்டியிலிருந்து சாஸ் சொட்டியது. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது என்று முகம் காட்டியது.

"கொதிச்சாலே மொத்தமும் போயிடாது," என்றார் துப்பறிவாளர். "இறக்கி ஊத்தினா கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். சனிக்கிழமை அப்பாவோட வர்ற பாப்பாவுக்கு ஒரு கிண்ணம் குடுத்தீங்களே."

சமையல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். துப்பறிவாளர் சொன்னதும் முகத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டார்.

"அவங்கப்பாவுக்குத் தெரியும்னு நெனச்சேன் சார். தட்டை வச்சாலே மூக்கைத் துளைக்குமே. பாப்பா, 'வாசனை நல்லா இருக்குல்லப்பா'ன்னு கேட்டா. அவர் 'ஆமாம்மா'ன்னார். என் காதால கேட்டேன். வேணாம்னா அப்பவே சொல்லியிருப்பார்ல?"

பட்டாசு திரும்பும் வழியெல்லாம் வேகமாக முன்னால் நடந்தார். மெக்கானிக் தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார், நல்லவர் என்று நம்பிவிட்டேனே என்று வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் சொன்னார். நாளைக்கு மதியம் எல்லோரையும் அதே உணவகத்துக்கு வரச்சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னார் துப்பறிவாளர்.

மதியக் கூட்டம் கலைந்த நேரம். கதவை ஒருக்களித்து வைத்தார்கள். ஒரு மேஜையில் தாயும் அண்ணனும். எதிர்மேஜையில் மெக்கானிக். சமையல்காரர் சுவரோரம் நின்றார். குழந்தையைப் பட்டாசு பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தார்.

சாஸ் செய்யும் விதத்தைத் துப்பறிவாளர் விளக்கினார். சமையல்காரர் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். தாய் கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் மட்டும் அசையவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. சமையல்காரர் ஊற்றியது சரி, தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்த இந்த ஆளுக்கு அது தெரியாதா? கிண்ணத்தைப் பார்க்கவில்லை என்றாலும், வாராவாரம் மேஜைக்கு வந்த தட்டு?

"நீங்க சொல்றீங்களா தம்பி, நான் சொல்லட்டுமா?" என்று துப்பறிவாளர் மெக்கானிக்கைப் பார்த்துக் கேட்டார்.

மெக்கானிக் மேஜையைப் பார்த்தபடி சொன்னார். "நீங்களே சொல்லிடுங்க சார்."

"இவருக்கு வாசனை தெரியாது. குழியில விழுந்து தலையில அடிபட்டதுலேர்ந்து எதுவுமே தெரியாது. என் வீட்ல பால் கருகினது தெருவுக்கே தெரிஞ்சுது. பக்கத்துல இருந்தவர் திரும்பல. வாயில வைக்க முடியாத காபியை நல்லா இருக்குன்னு குடிச்சார். சூப்புல மிளகை அள்ளிப் போடறார், நாக்குல சுள்ளுன்னு ஏதாவது படணுமே. வாசல்ல இவர் 'என்ன வாசனை?'ன்னு கேட்டது நடிப்பில்ல. பொண்ணு கேட்டப்ப 'ஆமாம்மா'ன்னதுதான் நடிப்பு."

ஏன் மறைத்தார் என்றும் சொன்னார். மோட்டார் கருகினால், கம்பி உருகினால், மெக்கானிக்கின் மூக்குக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். தெரியாது என்றால் அந்த வேலையில் வைக்கமாட்டார்கள். வேலை இல்லாதவனுக்குச் சனிக்கிழமையும் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்திருக்கிறார்.

கதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றார் அண்ணன். குரலில் முன்பிருந்த உறுதி இல்லை. துப்பறிவாளர் கையைக் காட்டினார். சமையல்காரர் இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றில்தான் ரம். தாயின் மேஜைவரை அதன் வாசனை எட்டியது. மெக்கானிக் இரண்டின்மேலும் மாறிமாறிக் குனிந்தார். மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார். பரீட்சையில் விடை தெரியாத பையனைப் போல நிமிர்ந்து பார்த்தார்.

"போதும்," என்றாள் தாய். "எனக்குத் தெரியும் அண்ணா. அந்த வாசனை பட்டாலே இவர் தொண்டை ஏறி இறங்கும். பக்கத்து வீட்ல பாட்டிலைத் திறந்தாக்கூட ஏறி இறங்கும். இப்ப அசையவே இல்ல."

அண்ணன் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். வழக்கைத் தானே திரும்பப் பெற்றுவிடுவதாகச் சொன்னார். டாக்டரின் அறிக்கை நீதிபதியிடம் போய்விட்டது, காரணம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றார் துப்பறிவாளர். மெக்கானிக் தலையாட்டினார். தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். சொன்னால் வேலை என்னவாகும் என்று யாரும் கேட்கவில்லை. அந்த அறையில் அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா," என்று துப்பறிவாளர் தாயின் பக்கம் திரும்பினார். "கசப்பா இருக்குங்கறா, ஆனா கிண்ணத்தோட போய்க் கேட்டு வாங்கிக் குடிக்கறா. ஏன்னு புரியாம இருந்தேன். அப்பா இப்ப வேலைக்குப் போறதில்லையான்னு என்கிட்ட கேட்டா. அவர் தினமும் போறார். அப்ப வேலைன்னு அவ எதைச் சொல்றா?"

தாயின் கை மெல்ல வாய்க்குப் போனது.

அவள் தணிந்த குரலில் சொன்னாள். குழந்தைக்கு அப்போது நாலு வயது. தினமும் அப்பா வந்து தூக்கினால்தான் தூங்குவாள். அப்பாமேல் ஏன் இப்படி வாசனை வருகிறது என்று ஒருநாள் கேட்டாள். "என்ன சொல்றது சார்? அது அப்பாவோட வேலை வாசனைடா, லிஃப்ட் எண்ணெய்னு சொன்னேன். அவ அதையே கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. வேலை வாசனை வந்தாத்தான் அப்பான்னு சொல்லுவா."

மெக்கானிக் இரு கைகளாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். குடித்த காலத்தில் மகள் தன்னைக் கண்டால் ஒதுங்கியிருப்பாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்ததாக அவர் பிறகு ஒருமுறை துப்பறிவாளரிடம் சொன்னார். ஒதுங்கியிருந்தால் பரவாயில்லை என்றும் சொன்னார்.

பட்டாசு குழந்தையோடு உள்ளே வந்தார். எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு அவள் அப்பாவிடம் போய் மடியில் ஏறிக்கொண்டாள். எழுந்து போக முயன்ற அண்ணனைத் தாய் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீ குடிச்ச சாஸ்ல இருந்தது எண்ணெய் வாசனை இல்லம்மா," என்றார் மெக்கானிக். "அது சாராயம். பெரியவங்க குடிக்கறது. அப்பா அப்பல்லாம் அதைக் குடிச்சுட்டுத்தான் வருவேன். அதனாலதான் அம்மா உன்னைக் கூட்டிட்டுப் போனாங்க. இப்பக் குடிக்கறதில்ல. அதான் அந்த வாசனை இல்ல."

குழந்தை யோசித்தாள். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்ப்பதுபோல் யோசித்தாள்.

"அப்ப அது வேலை வாசனைன்னு அம்மா ஏன் சொன்னாங்க?"

தாய் பேச வாயெடுத்தாள். அதற்குள் மெக்கானிக் சொல்லிவிட்டார்.

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

பட்டாசின் உதடு அசைந்தது. துப்பறிவாளர் அவர் முழங்கையைத் தொட்டார்.

குழந்தை அப்பாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். மடியிலிருந்து இறங்கினாள். நடந்துபோய் அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மெக்கானிக்கின் கைகள் அவளைப் பிடித்திருந்த இடத்திலேயே, வெறுமையாக, இன்னும் சற்று நேரம் இருந்தன.

அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். சமையல்காரர் வழிவிட்டார். கதவருகே போனதும் திரும்பி, அடுத்த சனிக்கிழமை வரட்டுமா என்று மகளிடம் கேட்டார். அவள் அம்மாவின் புடவை மடிப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"வாங்க," என்றாள் தாய். "அவ ரெடியா இருப்பா."